ஐந்து வீட்டு மாத்திரை

என் கணவர் லஸ்ஹருக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் வாயில் வராது. ஒலிவ மரம் பூத்தால் அவருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒருவர் தும்மினால் தெருவே டாக்டராகிவிடும். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு அட்டை ஒவ்வாமை மாத்திரை கொண்டுவந்தார்கள். வந்தவர் கண்ணெதிரில் விழுங்காவிட்டால் அவர் முகம் வாடிவிடுமாம். நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் ஐந்து வீட்டு மாத்திரையையும் மாற்றி மாற்றி விழுங்கிவிட்டு, வெறுந்தரையில் ஒரு முழு நாள் அசையாமல் கிடந்திருக்கிறார் இந்த மகராசன். நான் வந்து உலுக்கி எழுப்பியபோது தொடை இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் நாலு சொட்டுதான் வந்தது. காலி அட்டைகளையும் அள்ளிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸுஹைலா அட்டைகளை மேசையில் பரப்பினார்.

“பேருதான் அஞ்சும்மா. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணேதான். அளவு மீறிப் போச்சு. தசை உடைஞ்சு ரத்தத்துல கலக்குது. அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்.”

“அடைச்சா?”

“நாளைக்கு மதியத்துக்குள்ள சிறுநீர் நல்லா இறங்கணும். இல்லேன்னா டயாலிசிஸ்தான்.”

சலைன் ஏற்றினார்கள். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்யா, கீழ்வீட்டு ஹாஜி ப்ரஹீம் மாத்திரைக்குப் பதிலா விஷத்தைக் கொண்டுவந்தாலும் குடிச்சிருப்பியா?”

“நல்ல மனுஷன், நஸீஹா. முட்டி வலியோட மாடியேறி வந்தாரு.”

“உன் சிறுநீரகத்தை எடுத்து அவருக்கே குடுத்திரு. அதுக்கும் மாடியேறி வரட்டும்.”

சிரித்தார். தொடை வலித்து முனகினார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருபத்தாறு வருடமாக இந்த நல்ல குணத்தைத் திட்டிக்கொண்டேதான் அதோடு குடும்பம் நடத்துகிறேன். அது இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

மறுநாள் காலை பையில் கறுப்பு வெளுத்தது. பதினொரு மணிக்குப் பை நிரம்பி வெளிர்மஞ்சளாக இருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

“சிறுநீரகம் பிழைச்சுது. டயாலிசிஸ் தேவையில்ல.”

நான் எதையும் யோசிக்கவில்லை. நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டேன். “கல்யாண வீடா இது?” என்று நர்ஸ் ஓடிவந்தாள். அதற்குள் பக்கத்துக் கட்டில்களுக்குத் துணையிருந்த பெண்கள் காரணம்கூடக் கேட்காமல் கூடவே குலவையிட்டார்கள். ஒரு பை மூத்திரத்துக்கு வார்டே அதிர்ந்தது.

“ஐயோ, மானம் போகுதுடி” என்று லஸ்ஹர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“போனாப் போகட்டும். நீ வீட்டுக்கு வர்றே, எனக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை குலவையிட்டேன்.