பெருநாள் பெட்டி

எண்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதத்தில் கல்முனைக் கடைத்தெருவில், றேடியோ திருத்தும் கச்சிமுகம்மதுவின் கடை வாசலில் ஒரு புதுப் பலகை ஏறியது. ரயில் பயணத்துக்கு இங்கே ஆசனம் பதியலாம் என்று அதில் எழுதியிருந்தது. கல்முனையில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கிட்டிய ஸ்டேஷன் இருபத்தைந்து மைல் தள்ளி மட்டக்களப்பில் இருந்தது. ஆகவே பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கப்பலுக்கும் இங்கேதான் பதிய வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

பலகைக்குப் பின்னால் கொழும்புக் கம்பனி ஒன்று இருந்தது. அரசாங்க ரயிலின் வாலில் தன்னுடைய சொந்தப் பெட்டிகளைக் கொழுவி, முதலில் கண்டிக்கும் பிறகு காலிக்கும் ஆள் ஏற்றிப் பழகிய கம்பனி. மின்விசிறி, மெத்தை ஆசனம், ஒவ்வோர் ஆசனத்துக்கும் இலக்கம். இப்போது மட்டக்களப்புப் பாதையிலும் காலை நனைத்துப் பார்க்க அதற்கு ஆசை வந்திருந்தது. மட்டக்களப்பு ஸ்டேஷனிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸும் கம்பனியே பிடித்துக் கொடுக்கும். கல்முனையில் அதற்கு ஓர் ஏஜண்ட் வேண்டும். றேடியோவைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் கணக்கான ஆளாக இருப்பான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கச்சிமுகம்மதுவுக்கு இது தலைகால் புரியாத சந்தோஷம். கொழும்பில் ஏறியவன் ஒரே டிக்கெட்டில் கல்முனையில் இறங்குவது என்பது அவருக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. தண்டவாளம் வராவிட்டால் போகட்டும், ரயிலின் மரியாதையாவது ஊருக்கு வரட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நோன்பு தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது மனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்புகிறவர்களுக்காக அறுபது ஆசனப் பெட்டி ஒன்று விடுவதாக அதில் எழுதியிருந்தது. பெட்டி நிறைந்தால் அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓடும். நிறையாவிட்டால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். கடைசியாக ஒரு கேள்வி: பெட்டியைக் கொழும்பில் கொழுவ வேண்டியது இருபத்தெட்டாம் நோன்பின் இரவிலா, இருபத்தொன்பதாம் நோன்பின் இரவிலா? ரயில் இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும், உடனே பதில் தரவும்.

பிறை என்பது வானத்தில் தெரிந்த பிறகுதான் பிறை என்று அந்த மனேஜருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கச்சிமுகம்மதுவுக்குத் தெரியும். இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதையும் பிடித்துவிட்டு அதற்கு மறுநாள் பெருநாள். ஐம்பது வருசமாக அண்ணாந்து பார்த்து வந்த மனிதர் அவர். ஆனால் அவருடைய அறுபது ஆசனமும் கொழும்புப் புறக்கோட்டைப் புடைவைக் கடைகளில் இருந்தது. அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பையன்களை முதலாளிமார் இருபத்தொன்பதாம் நோன்பு வரைக்கும் விடமாட்டார்கள், கடைசி நாள் வியாபாரம்தான் வியாபாரம். இருபத்தெட்டு என்று எழுதினால் இருபது பேர் வருவார்கள். போன இரண்டு வருசமும் நோன்பு முப்பதாகத்தான் முடிந்தது என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, இருபத்தொன்பது என்று எழுதித் தபாலில் போட்டார்.

இதைக் கேட்டு முகம் சுளித்தவள் மகள் ஸகியா. அவளுக்குக் கலியாணம் முடிந்து ஏழு மாதம். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு அவள் பேரில் எழுதப்பட்டிருந்தது. கச்சிமுகம்மதுவும் மனைவி சல்மா உம்மாவும் பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கு ஒதுங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை றவூப் வரிப்பத்தான்சேனை வயல்காரக் குடும்பத்துப் பையன், புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் நின்றான். கலியாணத்துக்குப் பிறகு வரும் முதல் பெருநாளில் மாமனார் மருமகனின் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போய், தன் குடியாட்களின், அதாவது தன் வம்சத்தாரின், வரிசையில் நிறுத்துவார். அன்றைக்குத்தான் அவன் அந்தப் பள்ளிக்காரன் ஆவான். அதுவரைக்கும் எத்தனை சோறு தின்றாலும் விருந்தாளி.

“வாப்பா, அவர ஒருநாள் முந்தி பஸ்ஸுல வரச் சொல்லுங்க. அவர்ர முதலாளி அவருக்கு லீவு குடுப்பாரு. இருபத்தொன்பதுல பிறை கண்டா என்ன செய்யிற?” என்று கேட்டாள் ஸகியா.

“ஏஜண்டுட மருமகனே பஸ்ஸுல வந்தா, ஊராக்கள் எப்பிடிகா என்ட பெட்டியில ஏறுவாங்க?”

ஸகியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தான் வென்றுவிட்டதாகக் கச்சிமுகம்மது நினைத்துக்கொண்டார்.

பெட்டி நிறைந்தது. முதல் ஆசனத்தில் தன் மருமகனைப் போட்டுவிட்டு அந்தப் பட்டியலைக் காட்டிக் காட்டியே மற்ற ஐம்பத்தொன்பதையும் நிரப்பினார். உம்மாமார் வந்து மகன்களுக்குப் பதிந்தார்கள், பெண்சாதிமார் வந்து புருசன்மாருக்குப் பதிந்தார்கள். பிள்ளைகளின் பெருநாள் உடுப்பெல்லாம் புறக்கோட்டையிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே அறுபது வீட்டு உடுப்பும் அந்த ஒரு பெட்டிக்குள் ஏறிக்கொண்டது. அவர் உண்மையாகவே பெருமைப்பட்டார். அதை மறைக்கவும் இல்லை.

இருபத்தொன்பதாம் நோன்பைத் திறந்துவிட்டு வழக்கம்போல் ஊர் பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போனது. கச்சிமுகம்மது போகவில்லை, வானம் மப்பாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடையில் இருந்தார். திருத்தக் கிடந்த நாலு றேடியோவையும் ஒரே நிலையத்தில் வைத்திருந்தார். கொழும்பில் பெட்டி புறப்பட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நாலு றேடியோவும் ஒரே குரலில் பிறை கண்ட செய்தியைச் சொல்லின. மேற்குக் கரையில் எங்கேயோ கண்டிருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் கடை வாசலில் பெண்கள் கூடினார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. விடிந்தால் பெருநாள், பிள்ளைக்கு உடுப்பு எங்கே என்று ஒருத்தி கேட்டாள். ரயில் விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்புக்கு வந்துவிடும், தொழுகைக்கு முன்னம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று அவர் சொன்னார். பெண்களுக்குப் பின்னால் ஸகியாவும் நின்றாள். அவள் கேட்காமல் திரும்பிப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஏழரைக்குத் தொழுகை. ரயில் நேரத்துக்கு வந்தாலும் இழுபறிதான். கச்சிமுகம்மது நேரே குடி மரைக்காயர் முகைதீன்பாவாவின் வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு குடிக்கும் பள்ளி நிர்வாகத்தில் ஒரு மரைக்காயர் உண்டு, அவர்களுக்குள் முகைதீன்பாவா சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். தன் பிழையை மறைக்காமல் சொல்லி, தொழுகையைப் பிந்தி வைக்கும்படி கெஞ்சினார். பிந்தி வைப்பதில் மார்க்கத்தில் குற்றமில்லை, வெயில் ஏறி உச்சிக்கு வருமுன் தொழுதால் போதும். ஆனால் ஓர் ஏஜண்டுக்காக ஊர்ப் பெருநாளைப் பிந்தி வைத்த கதை அதற்கு முந்தி யாரும் கேட்டதில்லை.

முகைதீன்பாவா தாடியைத் தடவினார். “ஒம்பது மணி மட்டும் பாப்பம், கச்சிமுகம்மது. ஒனக்காக இல்ல, அந்த அறுபது புள்ளையளுக்காக.”

விடிய முந்தியே இரண்டு பஸ்ஸோடு அவர் ஸ்டேஷனில் நின்றார். ஐந்தரையானது, ஆறானது, ஏழானது. புனானைக்கு அந்தப் பக்கம் யானைக் கூட்டம் தண்டவாளத்தில் நிற்பதாகவும் அவை போகும் வரை ரயில் நிற்கும் என்றும் ஸ்டேஷனில் சொன்னார்கள். யானைக்குப் பிறையும் தெரியாது, ஏஜண்டையும் தெரியாது. ஏழே முக்காலுக்கு ரயில் வந்தது. வாலில் புதுப் பெயின்ட் அடித்த பெட்டி, அதற்குள் அறுபது பேர், ஓர் ஆசனமும் காலியில்லை. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் காட்சிக்கு அவர் அழுதிருப்பார். பெருநாள் என்பது வழியில் எங்கேயோ அவர்களுக்கும் தெரிந்திருந்தது. றவூப் இறங்கி ஸலாம் சொன்னான், கோபமாக ஒரு சொல் கதைக்கவில்லை.

மூட்டைகளை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டி, கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்கத்து வாகனங்களுக்கு வழிவிட்டுக் காத்து நின்று, காத்தான்குடிக்கு வரும்போது எட்டு மணி இருபது நிமிடம். அங்கே பள்ளியில் தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது, தெரு நிறையப் புது உடுப்போடு ஆட்கள் போனார்கள்.

“காக்கா, பஸ்ஸ நிப்பாட்டுங்க, இஞ்சயே தொழுதிட்டுப் போவம்” என்றான் ஒருவன் அவரைப் பார்த்து.

ஊரில் ஒன்பது மணி வரை காத்திருப்பார்கள் என்று கச்சிமுகம்மது சொல்லிப் பார்த்தார். ஒன்பதுக்குப் போய்ச் சேரலாமா என்று அவன் திருப்பிக் கேட்டான். இருபத்தொன்பதாம் நோன்பு இரவில் ஏறினால் போதும் என்றும் அவர் இப்படித்தான் உறுதியாகச் சொல்லியிருந்தார், அதனால் அவருடைய உறுதிக்கு இப்போது மதிப்பில்லை. மற்றவர்களும் மடமடவென்று இறங்கினார்கள். நடத்துநர்களும் சாரதிகளும்கூட இறங்கிப் போனார்கள். றவூப் மட்டும் இறங்காமல் மாமனாரைப் பார்த்தான்.

“நீங்களும் வாங்க, மாமா.”

மேலே அறுபது வீட்டு உடுப்பு. நடுத்தெருவில் இரண்டு பஸ். யாராவது ஒருவர் நிற்க வேண்டும். “நான் ஊருல தொழுவன். நீ போ. ஒன்ட பெருநாளையும் நான் கெடுத்தண்டு நாளைக்கு ஸகியா சொல்லப்படா” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, அவர் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் நின்றார். தொழுகை நடந்தது, குத்பாப் பிரசங்கம் நடந்தது. தன் காலுக்குக் கீழே நேரம் ஓடுவதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்முனையில் ஓர் ஊரே வரிசையாக உட்கார்ந்து, இங்கே தொழுது முடிக்கிற ஆட்களுக்காகக் காத்திருப்பதை நினைத்துத் தெருவின் மேலும் கீழும் பார்த்தார். சொல்லி அனுப்ப வழியில்லை, தபால் கந்தோர் பூட்டியிருந்தது.

பஸ் கல்முனைப் பள்ளி வாசலில் நின்றபோது பத்து மணி தாண்டிவிட்டது. ஊர் ஒன்பது மணி வரை காத்திருந்தது. முகைதீன்பாவா அதற்கு மேலும் அரை மணி நேரம் பிடித்து வைத்திருந்தார். பிறகு தொழுதுவிட்டார்கள். இப்போதுதான் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மகன்களைக் கண்ட வாப்பாமார் கட்டிப்பிடித்தார்கள், பிள்ளைகள் மூட்டைகளுக்குப் பாய்ந்தார்கள். அந்தக் கூத்துக்கு நடுவில்தான் இவர்கள் காத்தான்குடியில் தொழுதுவிட்டு வந்த கதை வெளியே வந்தது.

சிரித்தவர்கள் கொஞ்சம்தான். வெயில் ஏற ஏற இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. ஊரை மடையன் ஆக்கிவிட்டான் என்று ஒருவர் கச்சிமுகம்மதுவின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், அது அவருக்குரியதுதான்.

“நீ எங்க தொழுத?” என்று கேட்டார் முகைதீன்பாவா.

பதில் றவூபிடமிருந்து வந்தது.

“மாமா இன்னும் தொழல்ல. எங்கட மூட்டையளுக்குக் காவல் நிண்டவரு.”

ஊரின் தொழுகையை நிறுத்தி வைத்த மனிதனுக்கு மட்டும் தொழுகை கிடைக்கவில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அவருக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது. முகைதீன்பாவா பள்ளிக்குள் திரும்பி, பாயைச் சுருட்ட வேண்டாம் என்று சொன்னார்.

தனியாகத் தொழலாம், மார்க்கத்தில் அது கூடும். ஆனால் றவூப் விடவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு, மாமனாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். யாருடைய கையை யார் பிடிக்க வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வெறும் பள்ளியில் முன்வரிசையில், அவருடைய குடியாட்கள் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். கச்சிமுகம்மது தக்பீர் கட்டியபோது குரல் உடைந்தது. அழுதார், துடைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கம்பனியின் கடிதம் வந்தது. பெட்டி முழுதாக நிறைந்ததில் மனேஜருக்கு மிகுந்த திருப்தி. அடுத்த மாதம் முதல் வாரத்தில் இரண்டு நாள் ஓடும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு பெட்டி. எந்த இரவில் கொழுவுவது என்று இப்போதே சொல்ல வேண்டும், ரயில் இலாகா பிறைக்காகக் காத்திருக்காது. பெருநாள் எந்த நாளில் விழக்கூடுமோ அவற்றில் முந்திய நாளை எடுத்து, அதற்கும் இரண்டு இரவு முந்திக் கொழுவும்படி கச்சிமுகம்மது எழுதினார். அப்படியானால் அரைவாசி ஆசனம் காலியாக வரும், அது கம்பனிக்குச் சரிவராது, யோசித்து எழுதவும் என்று மனேஜர் பதில் போட்டார்.

ஸகியா வந்து பக்கத்தில் நின்று அந்தக் கடிதத்தைப் படித்தாள். அரைவாசி வெறுமையாக வந்தாலும் காரியமில்லை, வருகிறவர்கள் ஊரில் தொழட்டும் என்று கச்சிமுகம்மது இரண்டே வரி எழுதித் தபாலில் போட்டார். கடைக்குத் திரும்பி வந்து, வாசல் பலகையின் நாலு திருகாணியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைக் கழற்ற அளவான திருப்புளியைத் தேடி எடுத்து, பதில் வரும் வரைக்கும் மேசையில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.