ஞாயிற்றுக்கிழமைத் தோட்டம்

போடிமெட்டு மலையில் ஜோதிலட்சுமி பதினெட்டு வருஷமாக ஏறி இறங்குகிறாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பட்டு உடம்பில் முள்ளாகக் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்க, சாலையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருந்தது. முன்னால் போன காரிலிருந்து இறங்கிய உமாதேவி சால்வையைப் போர்த்திக்கொண்டு, "என்ன அமைதி மதினி. இங்கனயே இருந்துரலாம் போல இருக்கு," என்றாள். ஆடி மாசம் வந்து, காலில் அட்டை கடிக்கக் கடிக்க எட்டு மணி நேரம் மழையில் குந்தியிருந்து பார், அப்புறம் சொல் என்று ஜோதிலட்சுமி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய் மட்டும், "ஆமா மதினி," என்றது.

உமாதேவி மாப்பிள்ளையின் அம்மா. ஊர் தேனி. மகன் மதன்குமாருக்கு பேங்கில் வேலை. பெண் கேட்டு இவர்கள் ஊரான தேவாரத்துக்கு வந்த அன்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், "மதினி தினமும் மலைக்குப் போறாகளாமே?" என்று. ஜோதிலட்சுமியின் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டே, "மேல நமக்கு ரெண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் கிடக்கு தங்கச்சி. அவ போய் நின்னாத்தான் ஆளுக வேலை பாப்பாக," என்று அளந்துவிட்டார். ஜோதிலட்சுமி அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து இல்லை என்று சொன்னால் மகள் முனீஸ்வரியின் கல்யாணம் அங்கேயே முறிந்துபோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு வாயை மூடியது தன் தப்புதான். அதை நினைக்க நினைக்கக் கோபம் இரண்டு பங்கானது.

நிலபுலம் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் பெண் வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. "தோட்டத்தைப் பாத்துட்டே தேதி குறிப்போம்ணே," என்று உமாதேவி சொல்லிவிட்டாள். ஈஸ்வரபாண்டி மெட்டுக்கு ஓடி, ஜோதிலட்சுமி வேலை பார்க்கும் தோட்டத்தின் கங்காணி பாண்டீஸ்வரனைப் பிடித்தார். முதலாளி கோட்டயத்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வேலையும் கிடையாது, ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று பேசி முடித்தார்.

மற்ற நாளில் "ஏத்தா, கை ஓடட்டும்" என்று விரட்டுகிற பாண்டீஸ்வரன், அன்று கேட்டைத் திறந்து, "வாங்கம்மா," என்றான். அந்த 'வாங்கம்மா' அவளுக்குச் செருப்படியாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். பின்னாலேயே முனீஸ்வரியும் மதன்குமாரும் வந்தார்கள்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய்ப்பதோ அடியில், தரையோடு படர்கிற சரத்தில். தெரியாதவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். உமாதேவியும் அண்ணாந்து பார்த்து, "காய் எங்கண்ணே இருக்கு?" என்றாள்.

ஈஸ்வரபாண்டி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே கையை நீட்டினார். "இப்பத்தான் எடுத்து முடிச்சோம் தங்கச்சி. அடுத்த மாசம் வந்து பாருங்க, உச்சியில கொத்துக் கொத்தாத் தொங்கும்."

அதைச் சொன்னபோது அவர் ஒரு சரத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். செருப்புக்கு அடியில் காய்கள் நசுங்கிக் கிடந்தன. பதினெட்டு வருஷம் இந்தக் காயில்தான் அவர் சாப்பிட்டார், வேட்டி கட்டினார், மகளை பி.எட். படிக்கவைத்ததாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அது தலையில் காய்க்குமா காலில் காய்க்குமா என்று பெண்டாட்டியிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஜோதிலட்சுமிக்கு உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

"காலை எடுங்க," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

"அண்ணே இந்தப் பக்கமே வர்றதில்லையோ?" உமாதேவியும் சிரித்தாள். "சரி, ரெண்டு ஏக்கர்ல அரை ஏக்கரை முனீஸ்வரி பேருக்கு எழுதிருங்க. நாங்க வேற ஒண்ணும் கேக்கல."

"அரை என்ன தங்கச்சி, ஒரு ஏக்கராவே எழுதிட்டாப் போச்சு."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது சரியாகத்தான் இருந்தது. ஜோதிலட்சுமியால் அதற்கு மேல் முடியவில்லை.

"மதினி, இது எங்க தோட்டம் இல்ல. நான் இங்கன காயெடுக்குற கூலிக்காரி."

ஈஸ்வரபாண்டியின் முகம் வெளுத்தது. உமாதேவி முனீஸ்வரியைப் பார்த்தாள். "என்னத்தா சொல்றாக உங்கம்மா?"

முனீஸ்வரி மதன்குமாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அம்மாவுக்கு மலை ஏறுனாலே கிறுகிறுப்பு வந்துரும் அத்தை. ஏதாச்சும் உளறுவாக. கண்டுக்காதீக."

புருஷன் மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. ஜோதிலட்சுமி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செடியின் அடியில் குந்தினாள். சரத்தைத் தூக்கிப் பிடித்தாள். விளைந்த காய் மட்டும் விரலுக்கு வந்தது, பிஞ்சும் பூவும் நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு நிமிஷத்தில் மடி நிறைந்தது. யாருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

உமாதேவி சால்வையை இறுக்கிக்கொண்டாள். "வாடா மதன், போவோம். தோட்டம் இல்லேன்னா கூடப் பரவாயில்ல. பெத்தவளையே உளறுறான்னு சொல்ற புள்ளை நம்ம வீட்டுக்கு வேண்டாம்."

ஜோதிலட்சுமி எழுந்தாள். மடியிலிருந்த காய் முழுக்கக் கொட்டியது.

"நில்லுங்க மதினி. என் புள்ளையைத் திட்டணும்னா நான் திட்டுவேன், இல்ல செருப்பால கூட அடிப்பேன். அரை ஏக்கர் கேட்ட வாயி அவளைப் பேசக் கூடாது. உங்க வீட்டுக்குத் தோட்டத்தைத்தானே பொண்ணு கேட்டு வந்தீக? போங்க, வேற தோட்டம் பாருங்க."

தேனிக் கார் கிளம்பிப் போனது. ஈஸ்வரபாண்டி கேட்டருகே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். முனீஸ்வரி அழுதுகொண்டே கிட்டே வந்து, "அம்மா," என்று கையைத் தொட்டாள்.

ஜோதிலட்சுமி கையை உதறினாள்.

"எங்கூடப் பேசாத. கார்ல ஏறு."