நாலாம் இடத்துத் தண்ணீர்

டெஸா ஹூக்ஸ்ட்ரா சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்ததற்குக் காரணம் பூமியைக் காப்பாற்றும் எண்ணம் அல்ல. பதினொன்றாம் வகுப்பில் அந்த நேரத்துக்கு அதை விட்டால் இருந்த ஒரே பாடம் சேர்ந்திசை. அவள் பாடினால் பக்கத்தில் நிற்பவளுக்கும் சுருதி தப்பிவிடும்.

பள்ளியிலிருந்து வந்த தாளை அவள் அப்பா டுவேன் மூன்று முறை படித்தார். பாடம் நடத்துவது பக்கத்து ஊர்க் கல்லூரி. வகுப்பு பள்ளியிலேயே. தேறினால் கல்லூரிப் படிப்புக்கான மூன்று கிரெடிட் இப்போதே கைக்கு வந்துவிடும். கட்டணமும் இல்லை, புத்தகச் செலவும் இல்லை.

"சும்மா குடுக்கறாங்களா? எங்கயோ ஒரு கொக்கி இருக்கு." தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் எழுதலப்பா."

"அதான் சந்தேகமா இருக்கு."

கொக்கி ஏப்ரலில் தெரிந்தது. கல்லூரியிலிருந்து வரும் ஆசிரியை அல்மீடா, ஊருக்குள் ஓடும் ஓடையைத் துண்டு துண்டாக மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொருவரும் ஆறு இடத்தில் தண்ணீர் எடுத்து, உரமோ எச்சமோ கலந்தால் ஏறும் நைட்ரேட் அதில் எவ்வளவு என்று வாராவாரம் சோதிக்க வேண்டும். சோதனைத் தாளை நனைத்தால் நிறம் மாறும். வெளிர் ரோஜா என்றால் பரவாயில்லை, அடர் ரோஜா என்றால் ஆபத்து. டெஸாவுக்கு விழுந்தது அவள் வீட்டுப் பின்புறம் ஓடும் துண்டு.

டுவேனுக்கு ஒரே குஷி. "அந்த கேரி வெல்ட்மன் மாட்டினான்!" பக்கத்து வீட்டு கேரி ஒன்பது வாத்து வளர்க்கிறார். டுவேன் வளர்ப்பது புல். அந்தத் தெருவில் அவர் புல்வெளி மட்டும் பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி இருக்கும். மழை வரப்போகிறது என்று வானொலியில் சொன்னால் போதும், உர வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமைதோறும் இடுப்பளவு ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு மகளுக்குப் பாட்டில் தூக்க வந்தார். முதல் வாரமே வழுக்கி ஓடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "பார்த்தியா, எவ்வளவு வழவழன்னு இருக்கு? எல்லாம் வாத்து வேலை," என்றார்.

முதல் மூன்று இடமும் வெளிர் ரோஜா. நாலாம் இடம் பீட்ரூட் நிறம். கேரியின் வாத்துகள் நீந்துவது அதற்கும் கீழே, ஐந்தாம் இடத்தில். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஓடையில் வந்து விழுவது ஒரே ஒரு குழாய். அது டுவேனின் புல்வெளியிலிருந்து வரும் வடிகால்.

இரண்டாம் வாரமே டெஸாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை மூன்று வாரம் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆசிரியையிடம் போய் நின்றாள்.

"மேடம், ஒரு இடத்தை மட்டும் விட்டுடலாமா?"

"விடலாம். ஆனா ஏன்னு காரணம் எழுதணும்."

"எங்கப்பான்னு எழுதலாமா?"

"அது காரணம் இல்லம்மா. அது உன் கஷ்டம்."

மே மாதம் ஒரு சாயங்காலம் ஊர் நூலகத்தில் எல்லாரும் தங்கள் முடிவுகளைச் சொன்னார்கள். வந்தவர்கள் பதினான்கு பேர். டுவேன் முன்வரிசையில், கேரி அவருக்கு நேர் பின்னால். டெஸா வரைபடத்தில் வீடுகளைக் காட்டாமல் எண்களை மட்டும் போட்டிருந்தாள்.

டுவேன் எழுந்து கை தூக்கினார். "அந்த நாலாம் நம்பர் யாரு?"

"அப்பா, உட்காரு."

"அப்பாவா கேக்கல, இந்த ஊர்க்காரனா கேக்கறேன். பேரைச் சொல்லு. வெக்கப்படட்டும்!"

டெஸா ஆசிரியையைப் பார்த்தாள். அவர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர் நம்ம வீட்டுக் குழாய்ப்பா. உன் உரம்தான்."

கேரி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டில் நாற்காலிதான் கிறீச்சிட்டது.

"மேலேருந்து வந்திருக்கும்," என்றார் டுவேன்.

"மேல மூணாம் நம்பர். அது சுத்தமா இருக்கு."

"தாள் பழசா இருக்கும்."

"போன வாரம்தான் பிரிச்சது."

டுவேன் உட்கார்ந்தார்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்த டெஸா, கார் கொட்டகையில் அவரைக் கண்டாள். எதிரே வரிசையாகப் பதினேழு காகிதக் கோப்பைகள். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், காபி, பீர், எதையும் விடவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நனைந்த தாள் ஒன்று.

"அப்பா! என் தாள் மொத்தமும் காலி பண்ணிட்டியா? இன்னும் ஒரு வாரச் சோதனை பாக்கி இருக்கே!"

"கேரி வீட்டு வாத்துக் குட்டையில கூட எடுத்தேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "வெளிர் ரோஜா, டெஸா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, ஓடைக்கரையில் பத்தடிக்குப் புல்லை வெட்டாமல் விட்டால் அது உரத்தைத் தடுக்கும் என்று விளக்கினாள். அவர் எதிர்த்துப் பேசாமல் கேட்டார். இது வீட்டில் இதுவரை நடந்ததில்லை.

உர வண்டி மூலைக்குப் போனது. கரையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. மூன்றாவது வாரம் நகராட்சிக்காரர் வந்து, புல்லை ஒட்ட வெட்டச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் மாட்டிவிட்டுப் போனார்.

டுவேன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நகரசபைக் கூட்டத்துக்குப் போனார். மகளின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தூக்கிப் பிடித்தார். "எங்க ஆராய்ச்சியில நாலாம் இடம் பீட்ரூட் நிறம். யார் தப்புன்னு கேக்கறீங்களா? என் தப்பு!" என்று ஏதோ பரிசு வாங்கியவர் போல முழங்கினார். கடைசி வரிசையில் டெஸா நாற்காலியில் சரிந்து, மேல்சட்டைத் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஓடைக்கரைப் புல்லுக்கு மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டில் விலக்கு கிடைத்தது.

பாடத்தில் அவளுக்கு வந்தது பி பிளஸ். மூன்று கிரெடிட்டும் பதிவாகிவிட்டது. கடைசி வாரச் சோதனை விட்டுப்போனதற்கு மட்டும் மார்க் குறைந்திருந்தது. அதற்கான காரணம் என்ற கட்டத்தில், தாள் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். யார் தீர்த்தார்கள் என்று எழுதவில்லை.