மதாமுடைய நாய்

1

இந்தக் கதை ஒரு கேலியிலிருந்து பிறந்தது. கேலி செய்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கண்டுபிடித்துவிட்டு என்மேல் பாயாதீர்கள்.

கெய்ரோவில், ஷுப்ராவில், எங்கள் சந்து முனைக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே முஅல்லிம் பயூமி வந்தார். ஒட்டக இறைச்சிக் கடை முதலாளி, அதனால்தான் முஅல்லிம். கதவுக்குள் நுழையும்போது தோளைச் சாய்த்துத்தான் நுழைவார். மீசை அவருக்கு அரை அடி முன்னால் வரும் [மிகை, திருத்த வேண்டும்]. கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், அவர் முழங்காலுக்குக்கூட எட்டாத ஒரு வெள்ளை நாய்.*

"வழிய விடுங்கப்பா, கிரிஃபோன் பாஷா உலா வர்றாரு!" என்றேன்.

கடையே சிரித்தது. ஒருவர் ஹுக்காப் புகை புரையேறி இருமினார். மூன்றே நாளில் அந்தப் பெயர் எங்கள் சந்தைத் தாண்டிப் பெருந்தெருவுக்குப் போய்விட்டது. இருபது வருடமாக எழுதுகிறேன், என் கதை ஒன்றுகூட அவ்வளவு தூரம் போனதில்லை.

* எங்கள் பக்கம் வெள்ளையாக, சின்னதாக, முடியோடு இருக்கிற எல்லா நாயும் கிரிஃபோன்தான். உண்மையான இனம் எதுவென்று நாய்க்கே தெரியாது.

2

முதல் தொடக்கம்: "நைல் நதியின்மேல் காலைச் சூரியன் தன் தங்க—"

வேண்டாம். எங்கள் சந்திலிருந்து நைல் தெரியாது. எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "முஅல்லிம் பயூமியின் மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவள் மடியிலேயே வளர்ந்த அந்தச் சின்ன நாய் அன்று முதன்முறையாக அவர் காலடியில் வந்து—"

இது நன்றாக வந்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கல்யாணமே ஆகாதவன் நான், அடுத்தவர் மனைவியைச் சாகடிப்பது எனக்குச் சுலபம். ஆனால் பயூமியின் மனைவி உம்மு கரீமா உயிரோடு, நல்ல திடமாக, மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அந்த நாயைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இரண்டு நாள் அவளைச் சாகடித்து வைத்திருந்தேன். பால்கனியிலிருந்து அவள் காய்கறி வண்டிக்காரரைத் திட்டுகிற சத்தம் கேட்டதும் பயந்துபோய் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு யோசித்தேன். ஓநாய் மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கெய்ரோ வெயிலில் நாக்கு தொங்க மயங்கி விழும் பனிநாட்டு நாயை ஒருவன் வளர்த்தால், "ஆம்பளைய்யா!" என்கிறோம். சின்ன நாய் வைத்திருப்பவனுக்கு மட்டும் கதாசிரியன் கூடவே ஒரு சாவையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் வாசகர் மன்னிப்பார். இரண்டாம் தொடக்கத்தில் உங்களுக்கும் கொஞ்சம் மனசு இளகியது, இல்லை என்று சொல்லாதீர்கள்.

3

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு கைகண்ட மருந்து உண்டு. சின்ன நாயோடு எதிர்ப்படுகிற ஆண், யாரும் கேட்பதற்கு முன்பே "மதாமோடது" என்று சொல்லிவிடுவான். மனைவியை வெளியாரிடம் நாங்கள் மதாம் என்றுதான் குறிப்பிடுவோம். மருந்துக்கடை டாக்டர் வாதிஃப் சொல்வார். இரண்டாவது மாடி வக்கீல் சொல்வார். இத்தனை நாய்களுக்குச் சொந்தக்காரிகளான எங்கள் மதாம்களில் ஒருத்திகூட நாயோடு நடந்து நான் பார்த்ததில்லை.

பயூமி மட்டும் அந்த மருந்தைத் தொடவில்லை. நானே கேட்டுப் பார்த்தேன். எழுதுகிறவன் என்பதால் என்னை அவர் உஸ்தாஸ் என்பார்.

"முஅல்லிம், மதாமோட நாயா?"

"இல்ல."

"அப்ப பொண்ணோடதா?"

"இல்லப்பா."

"யாராச்சும் ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போனாங்களா?"

"வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தராசு வாங்கப் போனேன் உஸ்தாஸ். கூண்டுக்குள்ள உக்காந்திருந்துச்சு. என்னையப் பாத்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன். பேரு புந்துக்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தராசு வாங்க மறந்துட்டேன்."

[இதை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன செய்வான்? பாத்திரத்துக்குப் பின்கதை இல்லை, காயம் இல்லை. பிடித்திருந்தது, வாங்கினார். இப்படி ஒருவரை யார் நம்புவார்கள்? என் பதிப்பாசிரியர் நம்ப மாட்டார்.]

4

பயூமிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சந்தில் சண்டை வந்தால் நாங்கள் காவல் நிலையத்துக்குப் போவதில்லை, அமர்வு வைப்போம். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பெரிய மனிதர் நடுவில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார். பதினெட்டு வருடமாக அந்த நாற்காலி பயூமியுடையது. அவரிடம் சட்டப் புத்தகம் கிடையாது. சொன்ன சொல்லை மாற்ற மாட்டார், அது போதும்.

இந்த முறை சண்டை புறாவால் வந்தது. ஃபர்காலிக்கும் ஷல்காமிக்கும் எதிரெதிர் மொட்டைமாடிகள், எதிரெதிர் மரக்கோபுரங்கள், எதிரெதிர் புறாக் கூட்டங்கள். ஃபர்காலியின் பழுப்புப் பேடையை ஷல்காமி தன் கூட்டத்தைப் பறக்கவிட்டு மயக்கி இறக்கிக்கொண்டான். கேட்கப்போன ஃபர்காலியின் மகனுக்குக் கை ஒடிந்தது. மறுநாள் இரண்டு வீட்டிலும் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. அமர்வு நடக்காவிட்டால் அடுத்து யாராவது சாவார்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

தோற்கப்போவது தான்தான் என்று ஷல்காமிக்கும் தெரியும். அதனால் செய்தி அனுப்பினான்: "கிரிஃபோன் பாஷா சொல்ற தீர்ப்ப எங்க குடும்பம் ஏத்துக்காது. நாய்க்குட்டியத் தள்ளிட்டுப் போற ஆளு எங்களுக்கு நியாயம் சொல்றதா?"

இதைச் சொன்ன ஷல்காமி தினமும் தன் வாயில் தண்ணீர் வைத்துப் புறாவின் அலகுக்குள் ஊட்டுகிறவன். கண்ணே, ராசாத்தி என்று அதன் கழுத்தில் முத்தம் கொடுப்பான். அது வீரத்தில் சேர்த்தி. முந்நூறு கிராம் பறவைக்காக ஒருவன் கையை உடைக்கலாம். நாலு கிலோ நாயோடு நடக்கத்தான் கூடாது.

அவன் வாயில் நான் வைத்த பெயரைக் கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே, அதை வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகம் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

5

முடிதிருத்துகிற நஷ்அத்துதான் இரு தரப்புக்கும் தூது. முகச்சவரத்துக்கு வந்த பயூமியை நாற்காலியில் சாய்த்து, தாடையெல்லாம் நுரை பூசிய பிறகு பேச்சை எடுத்தான். எழுந்து போக முடியாதல்லவா? பக்கத்து நாற்காலியில் என் முகத்திலும் நுரை.

"முஅல்லிம், ஒரே ஒரு வார்த்த. 'மதாமோடது'ன்னு சொல்லிருங்க. ஷல்காமி வாய் தானா மூடிக்கும்."

"நான் ஒரு பொய்யச் சொல்லிட்டு, நீ பொய் சொல்றியான்னு அவன எப்படிக் கேப்பேன்?"

"இதெல்லாம் பொய்யா? ஊரே சொல்றதுதானே!"

"உம்மு கரீமா காதுல விழுந்துச்சுன்னா எனக்கே ஒரு அமர்வு வைக்கணும்டா."

"அப்ப அத யாருக்காச்சும் குடுத்துருங்க. ஒரு நாய்க்காகச் சந்துல ரத்தம் விழணுமா?"

பயூமி கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "பதினெட்டு வருஷமா எல்லார் சண்டையையும் என் தலையில போட்டுக்கிட்டேன். எனக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தன் கேட்டதில்ல. தினமும் கறி வெட்டிட்டுக் கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போறப்ப, என்னையப் பாத்து சந்தோஷப்படுற ஒரே சீவன்—"

[இல்லை. இது நான் எழுதியது. அவர் சொன்னது ஒரே சொல்: "மாட்டேன்." நுரைக்குள்ளிருந்து வந்ததால் அதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. மேலே உள்ளதை வெட்ட வேண்டும். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.]

நஷ்அத்து கத்தியைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தான்: "எந்தக் கழுத பெத்த பய இந்தப் பேர வச்சானோ?"

நான் நுரைக்குள் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டேன்.

6

மாற்று முடிவுகள், எழுதிக் கிழித்தவை:

(அ) ஷல்காமியின் புறாக்கூண்டில் பாம்பு புகுகிறது. புந்துக் குரைத்துக் காட்டிக்கொடுக்கிறது. எல்லோரும் அழுகிறார்கள். கிழித்துவிட்டேன். மன்னிக்கப்படுவதற்கு அந்த நாய் ஏன் வேலை பார்க்க வேண்டும்?

(ஆ) பயூமி எழுந்து, உன் புறாவும் என் நாயும் ஒன்றுதானே என்று ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். ஷல்காமி தலைகுனிகிறான். பேச்சு பிரமாதம். ஆனால் அது என் பேச்சு. ஷல்காமி மாதிரி ஆட்கள் தலைகுனிந்து நான் பார்த்ததும் இல்லை.

(இ) நான் எழுந்து எல்லோர் முன்னாலும், "அந்தப் பேர வச்சவன் நான்தான், என்னைய மன்னி—"

இதைத்தான் அதிக நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு முறை திருத்தினேன்.

7

நடந்தது இது. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் சந்தில் வண்ணத்துணிப் பந்தலுக்குள் அமர்வு கூடியது. ஒரு பக்கம் ஃபர்காலி குடும்பம், மறுபக்கம் ஷல்காமி குடும்பம், நடுவில் காலி நாற்காலி. நான் வெளியே, துணிச்சுவரை ஒட்டி நின்றிருந்தேன்.

பயூமி சந்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். துவைத்துத் தேய்த்த அங்கி. கையில் கயிறு. கூடவே புந்துக், நாலு எட்டுக்கு ஒரு துள்ளல் துள்ளிக்கொண்டு. வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். பால்கனிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. காப்பிக் கடையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

நேராக என்னிடம் வந்து கயிற்றை என் கையில் வைத்தார்.

"பேரு வச்சது நீதானே உஸ்தாஸ்? கொஞ்ச நேரம் பிடி."

கோபமே இல்லை அந்தக் குரலில். உள்ளே போய்விட்டார். வெட்கத்தில் எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை, ஆனால் கையில் கயிறு இருந்தது. நாய் என் செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது.

பந்தலுக்குள் ஷல்காமியின் குரல் கேட்டது: "உக்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் முஅல்லிம். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அந்த நாய் யாரோடது?"

"மதாமோ—" என்று நஷ்அத்து அவசரமாக ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு நஷ்அத்து," என்றார் பயூமி. பிறகு சொன்னார்: "என்னோடது."

சரியாக அந்த நேரத்தில் மருந்துக்கடை டாக்டர் வாதிஃப் என் பக்கமாக வந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"என்ன உஸ்தாஸ், நாயெல்லாம் பலமா இருக்கு? யாரோடது?"

பயூமியோடது என்று சொல்லியிருக்கலாம். உண்மை, சின்னச் சொல், பாதகமில்லை. என்னோடது என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

"மதாமோடது," என்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது டாக்டருக்கும் தெரியும், சந்துக்கே தெரியும். அவர் சிரிக்கவில்லை. "சரி, சரி," என்று தலையாட்டி, தன் ஆள் ஒருவனைத் தட்டிக்கொடுப்பதுபோல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

8

பந்தலுக்குள் சத்தம் அடங்கிவிட்டது. ஃபர்காலி எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாரா, ஷல்காமி குடும்பம் எழுந்து வெளியேறுகிறதா, இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. துணி தடிமன். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன், இரண்டுமே நன்றாகத்தான் வருகின்றன. ஆனால் ஒரு சின்ன நாயின் முன்னால் பொய் சொன்னவன் அந்தப் பெரிய மனிதரின் முடிவை எழுதக் கூடாது என்று படுகிறது.

நான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாம் மாற்று முடிவிலிருந்து ஒரு வாக்கியத்தையாவது அங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் நாயை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

அதனால், இதைக் கொஞ்சம் பிடியுங்கள். கயிற்றை இறுக்காதீர்கள், அதற்குப் பிடிக்காது. உங்கள் தெருவில் யாராவது எதிரே வருவார்கள். நாயைப் பார்ப்பார்கள், உங்களைப் பார்ப்பார்கள், கேட்பார்கள்.