கதவைச் சாத்தும் கோடு

சீன மொழி வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாளே மகள் நோட்டைக் கொண்டுவந்து தையல்காரம்மாவின் மடியில் போட்டாள். தினமும் பத்துப் பக்கம் எழுதச் சொல்கிறார்களாம், விரல் வலிக்கிறதாம். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே வரைந்து வைத்தால் போதுமாம். வகுப்பு முடிந்தால் இயந்திரக் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை, அப்புறம் நீ மிஷினில் உட்காரவே வேண்டாம் என்று ஆசை காட்டினாள். பெற்ற மனம் பித்து. அம்மா பேனாவை எடுத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு வரைந்து தள்ளியிருக்கலாம். ஆனால் இருபது வருஷம் சட்டை தைத்த கை அது. தோளை மூட்டாமல் காலர் வைக்க முடியாது என்று அதற்குத் தெரியும். புத்தகத்தில் ஒவ்வொரு கோட்டின் தலையிலும் பொடியாக வரிசை எண் போட்டிருந்ததை முதல் நாளே பார்த்துவிட்டாள். 'நாடு' என்று பொருள்படும் எழுத்து அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பெட்டி, அதற்குள் சில கோடுகள். இடது சுவர், கூரையோடு வலது சுவர், பிறகு உள்ளே இருக்க வேண்டியவை, கீழ்க்கோடு கடைசியில். உள்ளே போக வேண்டியவர்கள் போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும் என்று புத்தகம் சொன்னது. சரியான பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

தையல்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் வெட்டுத் துணியில் சாக்கட்டியால் எழுதிப் பார்ப்பாள். யாருக்கடி சூனியம் வைக்கிறாய் என்று பக்கத்து மிஷின்காரி கேலி செய்வாள். ஐந்து மாதத்தில் முந்நூறு எழுத்து கைக்கு வந்துவிட்டது. இதெல்லாம் நீயா எழுதினாய் என்று மகள் ஒருநாள் கேட்பாள் என்று காத்திருந்தாள். மகளோ நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்து, மதிப்பெண் வாங்கி வந்தாள்.

டீச்சர் பலகையில் 'நாடு' எழுத்தை எழுதச் சொன்ன அன்றைக்குக் குட்டு உடைந்தது. மகள் பெட்டியை முழுசாகப் போட்டு மூடிவிட்டு, அப்புறம் உள்ளே கோடுகளைத் திணித்தாள். டீச்சர் நோட்டை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு கோடு முடிந்த இடத்திலிருந்து பேனா அடுத்த கோட்டுக்குப் போன இழுப்பு தெரிந்தது. முறை தெரிந்த கை எழுதியது. வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் வகுப்பிலிருந்து உன் பெயரை அடித்துவிடுவேன் என்றார். நான்தான் எழுதினேன், பலகையைப் பார்த்ததும் பயந்துவிட்டேன் என்று மகள் சாதித்தாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா மட்டும்தான் என்றதும், கூட்டி வா என்றுவிட்டார்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அம்மா போனாள். டீச்சர் மரியாதையாக நாற்காலி போட்டார். பிறகு எழுதுகோலை நீட்டி, 'நாடு' எழுத்தைக் காட்டி, "இதை ஒரு தடவை எழுதுங்கம்மா" என்றார்.

இத்தனை நாளில் அவளை எழுதச் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கை பரபரத்தது. சரியாக எழுதினால் மகளின் பெயர் போய்விடும். மகள் சுவரோரம் வெளிறிப்போய் நின்றிருந்தாள். அம்மா பெட்டியை நான்கு பக்கமும் அடைத்தாள். அப்புறம் பைக்குள் துணி திணிப்பதுபோல் உள்ளே கோடுகளைத் திணித்தாள். எழுதும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

டீச்சர் பெருமூச்சு விட்டார். சிரமம் கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு, மகளுக்கு அடுத்த வாரம் இன்னொரு தேர்வு வைப்பதாகச் சொன்னார்.

இருவரும் படியிறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு மாசமா இப்படித்தான் எழுதிட்டிருந்தியா? உன் நோட்டைப் பாத்துதானே எனக்கும் தப்பாவே பதிஞ்சிருக்கு. தெரியலைன்னா அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தைப் பெருக்கி மெழுகியவள் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். மகளின் முகத்தில் நடிப்பே இல்லை. சொன்னதை அவள் மெய்யாகவே நம்பினாள்.

மகள் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்குப் பத்துப் பக்கம் இருக்கு. இனிமேலாவது புத்தகத்தைப் பாத்து ஒழுங்கா எழுது."

அம்மா கையை நீட்டவில்லை.

"எனக்குத்தான் எழுதத் தெரியாதே, பாப்பா" என்று சொல்லிவிட்டுத் தையல்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.