இரண்டு பேர் ஆடிய இறுதிப்போட்டி

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தின் நடுவே அது எத்தனை பேர்வரை குறையலாம் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். அல்சூர் பள்ளி மாணவிகளும் ஜெயநகர் பள்ளி மாணவிகளும் மோதிய இறுதிப்போட்டியில் கூட்டம் முழுக்க அப்படித்தான் விழித்தது.

ஒருத்தி ஐந்து ஃபவுல் செய்துவிட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவளுக்குப் பதில் வேறொருத்தி இறங்கலாம், ஆள் இருந்தால். அல்சூர் அணியில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள்; வந்தது ஆறே பேர். இதைக் கவனித்துவிட்டாள் ஜெயநகர் கேப்டன் அனன்யா. பந்தோடு நேராக ஆள்மேலேயே பாய்ந்தாள். தடுக்கக் கை நீண்டால் விசில். இப்படியே ஒவ்வொருத்தியாக வெளியேறி, கடைசி நிமிடங்களில் நான்காமவளும் பெஞ்சுக்குப் போனாள்.

களத்தில் மிஞ்சியது வீணாவும், மர்பி டவுனிலிருந்து வரும் ராஜலக்ஷ்மி என்கிற ராஜியும்தான்.

ஜெயநகர்ப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மைக்கில் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். நடுவர் ஜெயராஜ் கையை உயர்த்தினார்.

"யாரும் கப்பைத் தொடாதீங்க! ரெண்டு பேர் இருக்கிற வரைக்கும் ஆட்டம் உண்டு. ஒருத்திதான் மிச்சம்னா, அப்போ முடிஞ்சுது."

ராஜி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் கணக்கில் ஏற்கெனவே நான்கு ஃபவுல். இன்னொன்று விழுந்தால் வீணா மட்டும்தான் மிச்சம். அல்சூர் ஏழு புள்ளி முன்னிலையில் இருந்தாலும் கோப்பை ஜெயநகருக்கு. ராஜியோ இதுவரை ஒரு பெரிய ஆட்டத்தையும் முழுசாக ஆடி முடித்தவள் இல்லை. பந்தைக் கண்டால் அவள் கை தானாகப் போகும். கூட ஆட ஆள் கிடைக்காத நாட்களில் வீட்டுப் பின்பக்கச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்தே வளர்ந்த கை அது. சுவர் விசில் ஊதாதே!

"ராஜி, கை பேடா!" என்று கத்தினாள் வீணா. அவளுக்குப் பதற்றம் வந்தால் கன்னடம்தான் முதலில் வரும்; கை வேண்டாம் என்கிறாள்.

பெஞ்சில் இருந்த நால்வரும் பிடித்துக்கொண்டார்கள். "கை பேடா! கை பேடா!" கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் அதையே பாடியது.

இருவர் ஐவரை எப்படித் தடுப்பது? தடுக்க முடியாது. நேரத்தைத் தின்னத்தான் முடியும். ஜெயநகர் ஒரு கூடை போட்டது. வீணா பந்தை வாங்கி, ஐந்து பேருக்கு நடுவே பாம்பாக வளைந்து ஓடினாள்; கடிகாரமும் கூடவே ஓடியது. பிறகு பறிகொடுத்தாள். இன்னொரு கூடை. முன்னிலை மூன்று புள்ளி. ராஜி உள்ளே எறிந்த பந்தையும் பறித்துக்கொண்டு அனன்யா திரும்பினாள்.

நேராக ராஜியை நோக்கித்தான் வந்தாள். கூடை அவளுக்கு இரண்டாம்பட்சம். அந்த ஐந்தாவது ஃபவுல் கிடைத்தால் அதோடு ஆட்டமே முடியும்.

"வாடி, தொட்டுப் பாரு!"

பந்து ராஜியின் விரல்நுனிக்கு எட்டும் தூரத்தில் துள்ளியது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். மோத ஆள் இல்லாமல் தடுமாறிய அனன்யா, எப்படியோ பந்தைக் கூடைக்குள் போட்டாள்.

ஒரே புள்ளி முன்னிலை. கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். உள்ளே எறியும் பந்து யார்மேலாவது பட்டால்தான் மறுபடி ஓடும். மீதி இருந்தது மூன்று வினாடி. கோட்டுக்கு வெளியே பந்தோடு ராஜி. எறிய ஐந்து வினாடிதான் அவகாசம். உள்ளே இருப்பவள் வீணா ஒருத்தி, அவளைச் சுற்றி ஐந்து பேர் வேலி.

"ராஜி, இங்க! இங்க!" வீணாவின் குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை.

எறிந்தவளே பந்தைப் பிடிக்கக் கூடாது. ஆனால் நடுவில் அது வேறொரு ஆட்டக்காரிமேல் பட்டுவிட்டால் பிடிக்கலாம். எதிரணி ஆளாக இருந்தாலும் சரி. வீணாவையே முறைத்துக்கொண்டிருந்த அனன்யாவின் அகலமான முதுகு, இரண்டடி தூரத்தில், ராஜிக்கு நேராக நின்றது.

சுவர்!

மெதுவாகத்தான் எறிந்தாள். பந்து முதுகில் பட்டுத் திரும்பியது. கோட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்து ராஜி அதைப் பிடித்தாள். ஐந்து பேரும் திரும்பிப் பாய்ந்தார்கள். கட்டிப்போட்டு வைத்திருந்த அந்த நீளக் கைகள் இப்போது பந்தோடு வானத்துக்கு உயர்ந்தன. யாருக்கும் எட்டவில்லை. மூன்று வினாடியும் தீர்ந்து, ஆட்டம் முடிந்ததென்று சங்கு ஊதியது.

பெஞ்சிலிருந்து நால்வரும் வந்து விழுந்ததில் ராஜி தரையோடு தரையானாள். அந்தக் குவியலை எட்டிப் பார்த்து, முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள் அனன்யா: "ஏய், என் மேல போட்டா அது ஃபவுல் இல்லையாடி?"

"நான் எங்கடி உன்னைத் தொட்டேன்?" அடியிலிருந்து ராஜியின் குரல் வந்தது. "பந்துதானே தொட்டுச்சு!"