இருட்டே, இன்னும் பசியாறலையா

'கறுப்புக் குடை' மூன்றாம் பாகத்தின் முகப்புப் பாடலை நாஜியா பாடப்போகிறாள் என்று அறிவிப்பு வந்த காலையில், பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருந்த மலர்விழி இரண்டு பேரை மாற்றி அனுப்பிவிட்டாள். பல் சுத்தம் செய்ய வந்தவர் பல் பிடுங்கும் அறையில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். நல்லவேளை, ஊசி போடுவதற்குள் டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டார். "என்னம்மா, தூக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

தூக்கமெல்லாம் இல்லை. மேசைக்கடியில் போனை வைத்து அந்த அறிவிப்பையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

நம் மலேசியாவில் எடுக்கிற தமிழ்ப் படம் தியேட்டரில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். 'கறுப்புக் குடை' கதை வேறு. குடையும் கையுமாகத் திரிகிற அந்த ஒற்றனுக்குக் கிள்ளானிலிருந்து செமினி வரை பைத்தியங்கள் உண்டு. முகநூலில் 'குடைப் படை' என்று ஒரு குழு வைத்துக்கொண்டு, வேலை வெட்டி உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதில் குடியிருந்தார்கள். முதல் இரண்டு பாகங்களுக்கும் இடிமாதிரி குரல் உள்ள ஓர் ஆண் பாடியிருந்தார். இப்போது செலாயாங்கிலிருந்து ஓர் இருபது வயதுப் பெண், அதுவும் மூன்றே பாட்டு வெளியிட்டவள். சும்மா விடுவார்களா?

"இது ஒற்றன் படமா, டிக்டாக் படமா?" என்று தொடங்கி வைத்தவர் தம்புசாமி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், குழுவில் முதல் வாய் அவருடையதுதான். "பால் மணம் மாறாத பிள்ளைக்கு ஸ்பை பாட்டா? துப்பாக்கிச் சத்தத்துல காணாமப் போயிடும் லா."

"அங்கிள், உங்க காலம் முடிஞ்சிருச்சு. போய் பேரப்பிள்ளைய ஸ்கூல்ல விடுங்க," என்றது ஒரு இளவட்டம்.

குடுமிப்பிடிச் சண்டைதான். பாட்டை ஒருவரும் கேட்கவில்லை என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

மலர்விழி கேட்டிருந்தாள். கேட்டதென்ன, பாடியே இருந்தாள். மூன்று வாரத்துக்கு முன், கிள்ளானில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிற இசையமைப்பாளர் சுகுமாறனின் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டுக்கு ட்ராக் பாடிக் கொடுத்தது அவள்தான். ட்ராக் என்பது கல்யாண மண்டபத்தில் கைப்பையை வைத்து நாற்காலி பிடிக்கிற வேலை. பெரிய பாடகர் வந்து பாடும்வரை, மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு குரல் வேண்டும். உரியவர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான். நான் உட்கார்ந்திருந்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, அது எழுதாத சட்டம். பதினேழு வருஷமாக மலர்விழி இப்படி நாற்காலி பிடித்துக்கொண்டிருந்தாள். அறுபது பாட்டுக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூட அவள் குரல் வெளியே வந்ததில்லை.

இந்தத் தடவை மட்டும் சுகுமாறன் பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பிறகு, "அக்கா, இது உங்க குரல்லயே இருக்கட்டும். நான் புரொடியூசர்கிட்ட பேசுறேன்," என்றான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் மூன்று வாரம் ஓட்டிவிட்டாள். பாத்திரம் கழுவும்போது, ரயிலில் நிற்கும்போது, யாராவது திட்டும்போதுகூட அதை எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்வாள். நாற்பத்து மூன்று வயதில் மனுஷிக்கு இவ்வளவு ஆசை ஆகாதுதான். ஆனால் வந்துவிட்டதே, என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டில் மூன்றாவது வரியைக் கவிஞர் எழுதித் தரவில்லை, 'பிறகு' என்று காகிதத்தில் கோடு போட்டு விட்டிருந்தார். ட்ராக் பாடுகிறவர்கள் அந்த மாதிரி இடத்தை வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவது வழக்கம். அன்று காலை ஒன்பது மணி, மலர்விழி எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தினமும் காலையில் வீட்டில் எல்லாரையும் கேட்கிற கேள்வியே வாயில் வந்தது. "இருட்டே, இன்னும் பசியாறலையா?"

சுகுமாறன் விழுந்து விழுந்து சிரித்தான். "கிடக்கட்டும் கா, கவிஞர் வந்து மாத்திடுவாரு."

நாஜியாவின் அறிவிப்போடு எல்லாம் முடிந்தது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டபோதுதான் வியாழக்கிழமை வந்தது. கிள்ளான் துறைமுகத்தில் படப்பிடிப்பு. நடிகர்களுக்குத் தாளம் பிடிபட வேண்டும் என்று ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் நின்ற எவனோ போனில் பிடித்துவிட்டான். நாற்பது விநாடிதான். மத்தியானம் அது குடைப் படைக்கு வந்து சேர்ந்தது.

கிளினிக்கின் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் குமுதா போனை மலர்விழியின் காதருகே நீட்டினாள். "அக்கா, இதக் கேளுங்க! நாஜியா கொன்னுட்டா!"

மலர்விழியின் கை தட்டிலேயே நின்றது. அவள் குரல். அவள் மூச்சு. மூன்றாவது வரியில் அவள் பசி.

கீழே கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. நாஜியாவைக் கரித்துக் கொட்டிய வாய்களா இவை என்று இருந்தது. "இருட்ட மிரட்டாம சாப்பிட்டியான்னு கேக்குறா பாரு, அதான் ஒற்றன்!" என்றான் ஒருவன். "பசியாறலையான்னு நம்ம ஊரு ஆளுதான் எழுத முடியும். இந்தியாவுல உட்கார்ந்து எழுத முடியுமா?" என்றான் இன்னொருவன். சட்டையில் அந்த வரியை அச்சடிக்கலாமா என்றுகூட ஆலோசனை நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தம்புசாமி எழுதியிருந்தார்: "முப்பது வருஷம் ரயில் சத்தம் கேட்ட காது இது. இன்னைக்குத்தான் பாட்டு கேட்டுச்சு. மன்னிச்சிடு நாஜியா, மகளே."

மலர்விழி கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "குமுதா, அது நான்," என்றாள்.

குமுதா சிரித்தாள். "நீங்களும் நல்லாதான் பாடுவீங்க கா. அதுக்காக இப்படியா?"

சுகுமாறன் போனை எடுக்கவில்லை. 'அக்கா ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சனிக்கிழமை கவிஞர் ஒரு காணொளியில் தோன்றி, அந்த மூன்றாவது வரிக்காகத் தான் மூன்று நாள் கண் மூடவில்லை என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். அதோடு மலர்விழியின் பொறுமை போயிற்று. குடைப் படையில் எழுதினாள்: 'அந்தக் குரல் என்னுடையது. நான் ட்ராக் பாடினேன். அந்த வரியும் நான் போட்டதுதான். மலர்விழி, கிள்ளான்.'

பத்து நிமிஷம் யாரும் வரவில்லை. பிறகு எல்லாரும் வந்தார்கள்.

"ஆன்டி, பசியாறிட்டு மாத்திரையப் போடுங்க."

"அப்ப குடை என்னுது. சுருட்டிக் குடுத்துருங்க."

"ஆதாரம் இருக்கா? பாடிக் காட்டுங்க பாப்போம்."

கடைசியாகக் கேட்டவன் கிண்டலுக்குத்தான் கேட்டான். அவள் அதை நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, போனைச் சீனி டப்பாமேல் சாய்த்து வைத்துப் பாடினாள். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டுவிட்டுக் கணவர் ராதாகிருஷ்ணன் காரைக் கழுவப் போய்விட்டார். ஸ்டுடியோவில் பாடியதைவிட நன்றாக வந்தது. அது அவளுக்கே தெரிந்தது. குழுவில் ஏற்றினாள்.

"நல்ல முயற்சி ஆன்டி. ஆனா நாஜியா குரல்ல இருக்கிற அந்த ஈரம் இல்ல."

"காப்பி காப்பிதான்."

"வயசு தெரியுது லா."

யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அசல் என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள். படைக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தம்புசாமி மட்டும் தனியாக எழுதினார், நல்ல மனுஷன். "தங்கச்சி, உங்க குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளை பாடுனா இருட்டு பயப்படுது. நீங்க பாடுனா இருட்டு தூங்கிடுது. எல்லாருக்கும் எல்லாம் வராது. மனசுல வச்சிக்காதீங்க."

கேலியையெல்லாம் அவள் தாங்கியிருப்பாள். இந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள். ஐந்து தடவை, எட்டு தடவை. பத்தாவது தடவை அவளுக்கே அந்த ஈரம் குறைவாகத்தான் பட்டது.

மத்தியானம் சுகுமாறன் அழைத்தான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? புரொடியூசர் கத்துறாரு. பாட்டத் திருடிப் போட்டதே நீங்கதான்னு சொல்றாரு."

"நீ பேசுறேன்னு சொன்னியே, தம்பி?"

"பேசினேன் கா. சத்தியமா பேசினேன். பேர் தெரியாத ஆளு, போஸ்டர்ல என்னன்னு போடுறதுன்னு கேட்டாரு. நாஜியா நேத்து பாடி முடிச்சிட்டா. உங்க ட்ராக்கக் காதுல மாட்டிக்கிட்டு, மூச்சு விடுற எடம் முதக்கொண்டு அப்படியே. நல்லாத்தான் பாடியிருக்கா."

"அந்த வரி?"

"அதுவும்தான். இப்ப அத எடுத்தா படையே சண்டைக்கு வந்துடும்."

மலர்விழி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பதிவ அழிச்சா மட்டும் பத்தாதாம் கா. பொய் சொன்னேன்னு நீங்களே எழுதணுமாம். இல்லன்னா உங்கள என் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட முடியாது. வேற யாரும் கூப்பிட மாட்டாங்க. வாயத் திறந்த ட்ராக் சிங்கர யாரு கூப்பிடுவா?"

அவன் மிரட்டவில்லை. நடப்பதைத்தான் சொன்னான். அதுதான் இன்னும் கொடுமை. பெயர் இல்லாமல் பாடுவது பதினேழு வருஷமாகப் பழகிய வலி. பாட்டே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை, பல் கிளினிக்கும் வீடும் மட்டுமே மிச்சமான ஒரு வருஷத்தை அவள் நினைத்துப் பார்த்தாள்.

"அடுத்த ட்ராக் எப்ப?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலையில, ஒன்பது மணி."

"வரேன்."

போனை வைத்துவிட்டு எழுதினாள். மூன்று தடவை அழித்து எழுதினாள். 'எல்லாரும் மன்னிக்கவும். நான் சொன்னது பொய். ஆசையில் அப்படிச் சொல்லிவிட்டேன். அந்தக் குரல் நாஜியாவுடையதுதான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். மலர்விழி.'

இந்தத் தடவை யாரும் தாமதிக்கவில்லை. இதயக் குறிகள் மளமளவென்று ஏறின. "தப்ப ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும் ஆன்டி," என்றான் மாத்திரை போடச் சொன்னவன். "சல்யூட் அக்கா," என்றாள் ஒருத்தி. தம்புசாமி இரண்டு கை கூப்பிய படத்தைப் போட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஆயிரத்து நானூறு பேர் அதை விரும்பியிருந்தார்கள். மலர்விழி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள். பதினேழு வருஷத்தில் அவளுடைய பெயருக்கு விழுந்த முதல் கைதட்டல் அது.